ஃபயர்ப்ளேஸில் தீ எரிகிறது, சூடு வரவில்லையா? எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

நவம்பர் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி இதற்குத்தான். "அண்ணா, போன வருஷம் நல்லாத்தானே ஓடுச்சு, இப்போ தீ மட்டும் தெரியுது, சூடு வரல." நான் கனடாவில் பிராம்ப்டனில் இருக்கிறேன். இங்கே பேஸ்மென்ட் வீடுகளிலும் காண்டோக்களிலும் டிவி ஸ்டாண்டோடு சேர்ந்தோ சுவரில் மாட்டியோ ஒரு எலெக்ட்ரிக் ஃபயர்ப்ளேஸ் இருப்பது சாதாரணம். கோடை முழுக்கத் தூசி படிந்து கிடக்கும். முதல் குளிர் வந்ததும் போடுவார்கள், அப்போதுதான் பிரச்சினை தெரியும். இத்தனை வருடத்தில் நண்பர்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் நான் திறந்து பார்த்தவற்றில் நிஜமாகவே கெட்டுப்போனவை குறைவு. தூசி, ப்ளக், செட்டிங் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருந்தது. அதனால் தூக்கிப்போட்டுப் புதிதாக வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். பெட்டி ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது இரண்டு தனித்தனி சமாச்சாரம். ஒன்று தீ மாதிரி காட்டும் பகுதி: எல்இடி விளக்கு, சுற்றும் ஒரு கம்பி, ஒரு திரை, அவ்வளவுதான். இது இழுக்கும் கரண்ட் ஒரு சின்ன பல்ப் அளவு. இன்னொன்று ஹீட்டர்: சூடாகும் காயிலும் அதன் வழியாகக் காற்றைத் தள்ளும் ஃபேனும். வட அமெரிக்காவில் விற்கும் மாடல்களில் ஹீட்டர் பெரும்பாலும் 1500 வாட், குறைந்த அளவில் வைத்தால் 750. தீ எரிவதற்கும் சூடு வருவதற்கும் சம்பந்தமே இல்லை. "தீ நல்லா எரியுதே, அப்புறம் ஏன் சூடு இல்ல?" என்று கேட்பது, லைட் எரிகிறதே ஏன் ஃபேன் சுற்றவில்லை என்று கேட்பது மாதிரிதான். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று முதலில் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எதுவுமே வேலை செய்யவில்லை என்றால்

ரிமோட்டைக் கீழே வையுங்கள். பெட்டியிலேயே இருக்கும் பட்டனை அழுத்திப் பாருங்கள். பல மாடல்களில் பக்கவாட்டிலோ பின்னாலோ அடியிலோ ஒரு மெயின் சுவிட்ச் தனியாக இருக்கும், வீடு பெருக்கும்போதோ நகர்த்தும்போதோ அது அணைந்து போயிருக்கும். அடுத்து அதே ப்ளக் பாயின்ட்டில் ஒரு போன் சார்ஜரையோ டேபிள் விளக்கையோ செருகிப் பாருங்கள். அதுவும் எரியவில்லை என்றால் ஃபயர்ப்ளேஸை விட்டுவிட்டு, வீட்டின் பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் பேனல் பெட்டிக்குப் போங்கள். இங்குள்ள பிரேக்கர்கள் ட்ரிப் ஆனால் முழுசாக ஆஃப் பக்கம் போகாது, நடுவில் நிற்கும், பார்த்தால் ஆனில் இருப்பது போலவே தோன்றும். அதை அப்படியே ஆன் பக்கம் தள்ளினால் பிடிக்காது. முழுசாக ஆஃப் செய்துவிட்டுப் பிறகு ஆன் செய்ய வேண்டும். பேஸ்மென்ட்டில் சிங்க், பாத்ரூம் பக்கம் டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு குட்டி பட்டன் வைத்த ப்ளக் பாயின்ட் இருக்கும். அது ட்ரிப் ஆனால் அதன் வழியாகக் கரண்ட் போகும் மற்ற பாயின்ட்களும் செத்துவிடும், ஹாலில் இருப்பதுகூட. வீட்டில் அப்படி எங்கெல்லாம் இருக்கிறதோ எல்லாவற்றிலும் ரீசெட்டை அழுத்திப் பாருங்கள்.

பிரேக்கர் அடிக்கடி விழுகிறதா?

இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், கஷ்டமில்லை. 1500 வாட்டை இங்கே வீட்டுக்கு வரும் 120 வோல்ட்டால் வகுத்தால் 12.5 ஆம்பியர். வீட்டில் சாதாரண அறைகளுக்கு வரும் பிரேக்கர் 15 ஆம்பியர். மணிக்கணக்காகத் தொடர்ந்து ஓடும் எதையும் பிரேக்கர் அளவில் 80 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது இங்கே வழக்கமான கணக்கு, அதாவது 12 ஆம்பியர். ஆக ஃபயர்ப்ளேஸ் முழு வேகத்தில் ஓடும்போது அது ஒன்றே அந்த சர்க்யூட்டை நிரப்பிவிடுகிறது. அதே லைனில் டிவி, சவுண்ட் பார், பக்கத்து அறையில் ஒரு அயர்ன் பாக்ஸ் என்று சேர்ந்தால் பிரேக்கர் விழத்தான் செய்யும். அது விழுவது கோளாறு இல்லை, அது தன் வேலையைச் செய்கிறது.

எந்தெந்த பாயின்ட் ஒரே பிரேக்கரில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, அந்த பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எதெல்லாம் அணைந்திருக்கிறதோ அதெல்லாம் ஒரே லைன். ஃபயர்ப்ளேஸை வேறு லைனுக்கு மாற்றுங்கள், அல்லது 750 வாட்டில் ஓட்டுங்கள், அல்லது அதற்கென்று தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 15 ஆம்பியர் பிரேக்கரைக் கழற்றிவிட்டு 20 போடலாமே என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. சுவருக்குள் ஓடும் வயர் 15 ஆம்பியருக்கான கனத்தில்தான் இருக்கும். பிரேக்கரைப் பெரிதாக்கினால் பிரேக்கர் விழாது, வயர் சூடாகும், சுவருக்குள் நடப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

தீயை மட்டும் போட்டாலே உடனே பிரேக்கர் விழுகிறது, வேறு பாயின்ட்டில் போட்டாலும் அப்படியே என்றால் அது உள்ளே ஷார்ட். அதோடு விளையாட வேண்டாம். புது வீடுகளில் இருக்கும், ஆர்க் எனப்படும் மின்பொறியைக் கண்டுபிடிக்கும் பிரேக்கர் மட்டும் சில நேரம் காரணமில்லாமலும் விழும். ஆனால் லூசான ப்ளக்கைக் கண்டும் அது விழும் என்பதால், காரணமில்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள்

இந்தப் பத்தியை மட்டுமாவது தயவுசெய்து விடாமல் படியுங்கள்.

இரண்டு வருடம் முன்பு நண்பர் ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டுக்குப் போயிருந்தேன். ஃபயர்ப்ளேஸ் அவ்வப்போது தானாக அணைந்து தானாக எரிகிறது என்று கூப்பிட்டிருந்தார். சோபாவை நகர்த்தி ப்ளக்கைப் பிடுங்கப் போனேன், வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்த பிறகு வந்தது. ப்ளக்கின் இரண்டு தகடுகளில் ஒன்று கறுத்து, அதன் அடியில் இருந்த பிளாஸ்டிக் இளகி ஒரு பக்கமாக ஒழுகி உறைந்திருந்தது. சுவரில் இருந்த பாயின்ட்டின் வலது துளையைச் சுற்றி, தோசைக்கல்லில் விட்ட காகிதம் மாதிரி பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். சோபாவின் பின்பக்கத் துணி அதற்கு நான்கு விரல் தள்ளி இருந்தது. அந்த அறையில்தான் அவருடைய இரண்டு பிள்ளைகளும் தூங்குகிறார்கள். ஃபயர்ப்ளேஸில் ஒரு குறையும் இல்லை. பழைய பாயின்ட்டில் உள்ளே ப்ளக்கைக் கவ்விப் பிடிக்கும் தகடு தளர்ந்துபோய் இருந்தது. லூசாக இருக்கும் இடத்தில் 12.5 ஆம்பியர் மணிக்கணக்காக ஓடினால் அந்த இடமே ஒரு ஹீட்டராகிவிடும். பிரேக்கருக்கு அது தெரியாது, ஏனென்றால் கரண்ட் அளவு கூடவே இல்லை.

அதனால் ஒவ்வொரு வருடமும் முதல் தடவை போடும்போது முழுச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, புறங்கையால் ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அணைத்துவிடுங்கள், அந்த பாயின்ட்டை மாற்றும்வரை போடாதீர்கள். ப்ளக்கைச் செருகும்போது இறுக்கமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனாலும், தானாகத் தொங்கினாலும் இதே கதிதான்.

எக்ஸ்டென்ஷன் வயர், பல ப்ளக் செருகும் பவர் பார் இரண்டும் வேண்டாம், நேராகச் சுவரில்தான் செருக வேண்டும். எல்லா மேனுவலிலும் இது இருக்கும், எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறோம். இன்னொன்று, 1960களின் நடுவிலிருந்து 70களின் கடைசிவரை கட்டிய வீடுகளில் சிலவற்றில் அலுமினிய வயர் போட்டிருப்பார்கள். அதற்கென்று தனி வகை பாயின்ட்தான் போட வேண்டும், சாதாரணமானதைப் போட்டால் இணைப்பு தளர்ந்து சூடாகும். ஒன்டாரியோவில் மின் வேலைக்கு ஆள் வைத்தால் அவர் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டராக இருக்க வேண்டும் என்பது சட்டம், மாகாண மின் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் லைசென்ஸைச் சரிபார்க்கலாம். வாடகை வீடு என்றால் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு மெசேஜாக அனுப்புங்கள், வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள்.

தீ இருக்கிறது, சூடு இல்லை

இதுதான் அதிகம் வரும் கேள்வி. முதலில் தெர்மோஸ்டாட். நீங்கள் வைத்திருக்கும் அளவைவிட அறை ஏற்கெனவே சூடாக இருந்தால் ஹீட்டர் வராது. 22 என்று வைத்திருப்பீர்கள், வீடு முழுக்கச் சூடாக்கும் ஃபர்னஸ் ஏற்கெனவே அறையை 23க்குக் கொண்டுவந்திருக்கும். அளவை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். பாரன்ஹீட்டில் இருந்த டிஸ்ப்ளே செல்சியஸுக்கு மாறியதால் குழம்பிப்போனவர்களும் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காக ஹீட்டரை மட்டும் பூட்டி வைக்கும் வசதி சில மாடல்களில் இருக்கிறது, ஏதோ ஒரு பட்டனைப் பிள்ளை பத்து விநாடி அழுத்திப் பிடித்திருந்தால் பூட்டிக்கொண்டிருக்கும். திறக்கும் வழி மேனுவலில் இருக்கும். மேனுவல் தொலைந்துவிட்டால் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும்.

இதெல்லாம் சரி என்றால் ஹீட்டரைப் போட்டுவிட்டுக் காற்று வரும் இடத்தில் கையை வையுங்கள். இங்கே கவனமாகப் பாருங்கள், பதில் இங்கேதான் கிடைக்கும். காற்றே வரவில்லை என்றால் ஃபேன் சிக்கியிருக்கிறது அல்லது மோட்டார் போய்விட்டது. காற்று வருகிறது ஆனால் குளிர்ச்சியாக வருகிறது என்றால் காயிலோ, அதற்குக் காவலாக இருக்கும் வெப்ப கட்-ஆஃபோ விட்டுப்போயிருக்கிறது. கொஞ்ச நேரம் சூடாக வந்து பிறகு நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் தூசி. காற்று உள்ளே போகும் வழி அடைத்திருந்தால் காயில் அளவுக்கு மீறிச் சூடாகும், கட்-ஆஃப் அணைத்துவிடும். பாதிச் சூட்டில் வேலை செய்கிறது, முழுச் சூடு வரவில்லை என்றால், இரண்டு காயில் உள்ள மாடலில் ஒன்று அறுந்திருக்கலாம்.

தூசிக்கு வைத்தியம் எளிது. ப்ளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். வாக்குவம் க்ளீனரில் பிரஷ் முனையை மாட்டி, காற்று வெளியே வரும் இடத்தை மட்டுமல்ல, காற்று உள்ளே போகும் இடத்தையும் நன்றாக உறிஞ்சுங்கள். அது அடியிலோ பின்னாலோ ஒளிந்திருக்கும், எல்லோரும் முன்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு சுத்தம் செய்தாகிவிட்டது என்று நினைப்பது இதனால்தான். பூனை, நாய் வளர்க்கும் வீட்டில் முடி பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும். பேஸ்மென்ட்டில் துணி காயவைக்கும் மெஷின் பக்கத்தில் வைத்திருந்தால் அதன் பஞ்சும் சேரும். சுத்தம் செய்த பிறகு சில மாடல்களில் ஒரு சின்ன ரீசெட் பட்டனை அழுத்த வேண்டியிருக்கும், மற்றவை ஆறியதும் தானாகவே சரியாகிவிடும். சுத்தம் செய்தும் திரும்பத் திரும்ப அணைந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். மெதுவாகச் சுற்றும் ஃபேனும் அடைத்த வழியும் காயிலுக்கு ஒன்றுதான்.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகு, வயரைக் கழற்றிவிட்டு 1500 வாட் காயிலை அளந்தால் 10 ஓமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும், 750 வாட் காயில் என்றால் சுமார் 19. செராமிக் வகை ஹீட்டரில் இந்தக் கணக்கு பொருந்தாது. வெப்ப ஃபியூஸ் விட்டுப்போயிருந்தால் அதே டிகிரி, அதே ஆம்பியர் எழுதிய புதியதைத்தான் போட வேண்டும். அதை எடுத்துவிட்டு இரண்டு வயரையும் நேராக முறுக்கி இணைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சூடு வரும். அடுத்த தடவை ஃபேன் நின்றால் அதைத் தடுக்க எதுவும் இருக்காது.

சூடு இருக்கிறது, தீ சரியில்லை

இது ஆபத்தில்லாத பக்கம், கொஞ்சம் கைவேலை தெரிந்தால் நீங்களே செய்யலாம். பல மாடல்களில் உள்ளே நடப்பது இதுதான்: விறகு மாதிரி செய்த பிளாஸ்டிக்குக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு கம்பி படுத்திருக்கும். அதில் ஜிகினாத் துண்டுகள் மாதிரி பளபளக்கும் சின்னச் சின்னத் தகடுகள் குத்தியிருக்கும். கம்பி மெதுவாகச் சுற்றும்போது எல்இடி வெளிச்சம் அந்தத் தகடுகளில் பட்டுச் சிதறி, பின்னால் இருக்கும் திரையில் தீ நாக்கு மாதிரி ஏறி இறங்கும். கம்பியின் ஒரு முனையில் ஒரு குட்டி மோட்டார், வட்டமாக ஒரு பிஸ்கட் அளவுதான் இருக்கும். மைக்ரோவேவ் தட்டைச் சுற்றுகிறதே, அதே வகை.

தீ அசையாமல் வெறும் வெளிச்சமாக நிற்கிறது என்றால் கம்பி சுற்றவில்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கத் தட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் மோட்டார் நன்றாகத்தான் இருக்கும், மோட்டாரையும் கம்பியையும் இணைக்கும் ரப்பர் புஷ் கெட்டிப்பட்டு விரிசல் விட்டிருக்கும், மோட்டார் மட்டும் சுற்றும், கம்பி நழுவும். கீச் கீச் சத்தமும், டக் டக் என்று ஒரே தாளத்தில் வரும் சத்தமும் இங்கிருந்துதான். மீன் தொட்டிக்கு வாங்கும் சிலிகான் குழாயில் ஒரு அங்குலம் வெட்டி மாட்டினேன், இரண்டு குளிர்காலமாக ஓடுகிறது. மோட்டார்தான் போய்விட்டது என்றால் அதன் மேல் எழுதியிருக்கும் வோல்ட், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எந்தத் திசை மூன்றையும் பார்த்து அதே மாதிரி வாங்குங்கள். வேகம் அதிகமாக வாங்கினால் தீ பதற்றமாக ஆடும், பார்க்கவே முடியாது. எண்ணெய் விடாதீர்கள், தகடுகளிலும் திரையிலும் தெறித்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பழைய மாடல்களில் எல்இடிக்குப் பதில் மெல்லிய கழுத்துள்ள குண்டு பல்புகள் இருக்கும். தீ மங்கினால் அவற்றில் ஒன்றிரண்டு போயிருக்கும், எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள், எழுதியிருக்கும் வாட்டைத் தாண்டாமல். புது மாடலில் ஒரு பக்கம் மட்டும் இருட்டாக இருந்தால் எல்இடி பட்டையில் ஒரு துண்டு போயிருக்கிறது. தீ நடுங்கினால், அந்த பாயின்ட் சுவரில் இருக்கும் டிம்மர் சுவிட்சோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் ஊற்றி ஆவி மாதிரி தீ காட்டும் வகைக்கு வைத்தியம் வேறு. தண்ணீரை ஆவியாகத் தெறிக்கவைக்கும் வட்டத் தகட்டில் சுண்ணாம்பு படிந்தால் தீ தாழ்ந்துவிடும். வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து, மென்மையான பிரஷால் துடைத்து அலசினால் போதும்.

சத்தமும் வாசனையும்

போட்ட சில நிமிடத்துக்கு வரும் டிக் டிக், தகடு சூட்டில் விரிவது. அணைத்த பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடுவது காயிலை ஆறவைக்க, அது நிற்கும் முன் ப்ளக்கைப் பிடுங்காதீர்கள். சீசனின் முதல் நாள் தூசி கருகும் வாசனை வரும், ஜன்னலைத் திறந்துவைத்து கால் மணி நேரம் ஓட்டினால் போய்விடும். ஆனால் பிளாஸ்டிக் எரியும் வாசனையோ, காரணமில்லாமல் மீன் வாடையோ வந்தால் அது வேறு. சூடேறிக் கருகும் மின் பாகங்கள் அப்படித்தான் நாறும். ஒரு அக்கா மூன்று நாள் சமையலறையைக் கழுவிக்கொண்டிருந்தார், வாடை வந்தது ப்ளக்கிலிருந்து. பேனலில் பிரேக்கரை அணைத்துவிட்டு அப்புறம் ப்ளக்கைத் தொடுங்கள்.

ரிமோட் பற்றி ஒன்றே ஒன்று. பேட்டரி மாற்றியும் வேலை செய்யவில்லை என்றால், போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது, பெட்டியில் சிக்னல் வாங்கும் இடத்தை ஏதாவது மறைக்கிறதா என்று பாருங்கள். மின்னவில்லை என்றால் பெரும்பாலும் ரிமோட்தான் காரணம். ரேடியோ சிக்னலில் ஓடும் ரிமோட்டில் இந்தச் சோதனை செல்லாது, அதை மேனுவலில் சொன்னபடி மறுபடி பெட்டியோடு இணைக்க வேண்டும்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் வீடு சூடாகவில்லை

1500 வாட் என்றால், ஹீட்டர்களின் சூட்டை அளக்கும் பிடியு கணக்கில் மணிக்கு சுமார் 5100. நாற்பது டாலர் ஹீட்டரும் எண்ணூறு டாலர் ஃபயர்ப்ளேஸும் தருவது அதே சூடுதான். ஒரு அறையை இதமாக வைக்கும், வீட்டைச் சூடாக்காது. இன்னொரு விசித்திரமான புகாருக்கும் இங்கே விடை இருக்கிறது: "ஹாலில் ஃபயர்ப்ளேஸ் போட்டா மேல் அறையெல்லாம் குளிருது." ஃபர்னஸின் தெர்மோஸ்டாட் ஹாலில் இருந்தால், ஹால் சூடானதும் போதும் என்று அது ஃபர்னஸை நிறுத்திவிடும். மாடியில் இருப்பவர்கள் நடுங்குவார்கள். கதவுள்ள வேறு அறைக்கு ஃபயர்ப்ளேஸை மாற்றுங்கள்.

பில்லுக்குக் கணக்கு: முழுச் சூட்டில் மணிக்கு ஒன்றரை யூனிட். தினம் 5 மணி நேரம் என்றால் 30 நாளில் 225 யூனிட். ஒன்டாரியோவில் நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் வார நாட்களில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும்தான் விலை உச்சம். இரவு 7க்குப் பிறகும் சனி ஞாயிறு முழுக்கவும் குறைவு. மாலை வேலை முடிந்து வந்ததும் போடாமல் 7 மணிவரை பொறுத்தால் பில்லில் தெரியும்.

புதிதாகவோ பழையதாகவோ வாங்குபவர்கள், முக்கியமாகத் தெருவோரம் வைத்துவிட்டுப் போனதை எடுத்து வருபவர்கள், பின்னால் சிஎஸ்ஏ, சியுஎல், சிஇடிஎல் என்ற பாதுகாப்புச் சோதனை முத்திரைகளில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். மாடல் எண்ணை ஹெல்த் கனடாவின் திரும்பப் பெறும் பொருட்கள் பட்டியலிலும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கும்போது முன்னால் ஒரு மீட்டர் காலியாக விடுங்கள், திரைச்சீலை, சோபா, காயப்போட்ட துணி எதுவும் அந்த இடத்துக்குள் வரக் கூடாது, வயர் சோபா காலுக்கு அடியில் நசுங்கவும் கூடாது. முதல் நாள் போட்டு அரை மணி நேரம் கழித்து, மறக்காமல் அந்த ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள்.